மரிபோசாத் தோப்பின் பாதைகள்: பெருமரங்களைக் காத்தவர்களும் காப்பதன் பொருளும்

2018 ஜூன் 15 அன்று, கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள மரிபோசாத் தோப்பு மூன்றாண்டுக்கால மூடலுக்குப் பின் மீண்டும் திறக்கப்பட்டது. சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில், ஏறத்தாழ 500 முதிர்ந்த செக்கோயாப் பெருமரங்கள் நிற்கும் தோப்பு அது. 2015 வரை அங்கு வந்தவர்கள் மரங்களின் காலடியிலேயே மகிழுந்தை நிறுத்தினார்கள். சுற்றுலா வண்டிகள் மரங்களுக்கிடையே ஓடின. மீண்டும் திறந்தபோது வாகன நிறுத்தம் இரண்டு மைல் தொலைவுக்குத் தள்ளிப்போயிருந்தது. தோப்புக்குள் தார் பெயர்த்தெடுக்கப்பட்டு மண்தடங்கள் அமைக்கப்பட்டிருந்தன. ஈரநிலங்களின்மேல், நீரோட்டத்தைத் தடுக்காதவாறு, மரப்பலகை நடைபாதைகள் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தன. இதற்கான செலவு சுமார் 4 கோடி டாலர்.

1864 முதல் சட்டத்தின் காவலில் இருக்கும் தோப்பு இது. உலகில் இயற்கை அழகுக்காகவே ஓர் அரசு ஒதுக்கிவைத்த முதல் நிலங்களுள் ஒன்று என்று பாடநூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. ஒன்றரை நூற்றாண்டாகக் காக்கப்பட்ட மரங்களை யாரிடமிருந்து மீட்க வேண்டியிருந்தது? இந்த வினாவுக்கான விடை அத்தோப்பின் பாதைகளில் இருக்கிறது. யார் வகுத்தார்கள், யார் வெட்டினார்கள், யார் நடந்தார்கள், யார் விரட்டப்பட்டார்கள் என்று பாதைகளைத் தொடர்ந்து சென்றால், 'பாதுகாப்பு' என்ற சொல் ஒவ்வொரு காலத்திலும் வேறுவேறு பொருள் கொண்டிருந்தது புலப்படும்.

*

சட்டம் ஏன் வந்தது என்பதற்கு மரிபோசாவுக்கு வடக்கேயுள்ள கலவெராஸ் தோப்பிலிருந்து தொடங்க வேண்டும். 1852இல் அகஸ்டஸ் டவ்ட் என்னும் வேட்டைக்காரர் காயம்பட்ட கரடியைத் துரத்திச் சென்றபோது அங்குள்ள பெருமரங்களைக் கண்டதாகக் கூறப்படுகிறது. அச்செய்தி பரவிய மறு ஆண்டே அவற்றுள் மிகப்பெரியது வீழ்த்தப்பட்டது. அத்தனை பெரிய மரத்தை அறுக்கும் வாள் அன்று இல்லை. ஐந்து ஆட்கள் துளைக்கருவிகளால் அடிமரத்தைச் சுற்றிலும் துளையிட்டுச் சாய்க்க 22 நாள்கள் ஆயின. எஞ்சிய அடிக்கட்டை நடனமேடையாயிற்று. விழுந்து கிடந்த தண்டின்மேல் பந்துருட்டும் விளையாட்டுக்கூடம் கட்டப்பட்டது. 1854இல் 'காட்டின் தாய்' என்று பெயரிடப்பட்ட இன்னொரு மரத்தின் பட்டையை 116 அடி உயரம்வரை உரித்தெடுத்து நியூயார்க்கிலும் பின்னர் லண்டனிலும் காட்சிக்கு வைத்தார்கள். பட்டை இழந்த மரம் பட்டுப்போயிற்று. லண்டனின் பளிங்கு மாளிகையில் நின்ற பட்டையும் 1866இல் தீக்கிரையானது.

காட்சியைக் கண்டவர்கள் எல்லோரும் வியக்கவில்லை. இப்படி ஒரு மரத்தை உரிப்பது அவமானம் என்ற குரல் அமெரிக்க இதழ்களிலேயே எழுந்தது. 1864இன் சட்டத்துக்குப் பின்னால் அந்தக் குற்றவுணர்வும் ஒரு காரணமாக இருந்தது.

மரத்துக்குப் பெயர் சூட்டுவதிலும் ஒரு போட்டி நடந்தது. விதைகளும் கிளைகளும் இங்கிலாந்தை அடைந்தபோது வெலிங்டன் கோமகன் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. 1853இல் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி மரத்துக்கு 'வெலிங்டோனியா' என்று பெயரிட்டார். அமெரிக்க மண்ணின் மரத்துக்கு ஆங்கிலத் தளபதியின் பெயரா என்று சினந்தவர்கள் 'வாஷிங்டோனியா' என்ற மாற்றுப்பெயரை முன்வைத்தார்கள். வெலிங்டோனியா என்ற பெயர் முன்பே வேறொரு தாவரத்துக்கு இடப்பட்டிருந்ததால் விதிப்படி அது நிலைக்கவில்லை. 1854இல் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் டெக்கெய்ன் இம்மரத்தைச் 'செக்கோயா' பேரினத்தில் சேர்த்தார். கடலோரச் செம்மரத்துக்காக 1847இல் ஸ்டீபன் எண்ட்லிஹர் உருவாக்கிய பெயர் அது. 1939இல் ஜான் புக்கோல்ஸ் பெருமரத்தைத் தனிப் பேரினமாகப் பிரித்துச் 'செக்கோயாடெண்ட்ரான்' என்றார். அதுவே இன்றைய அறிவியற்பெயர்.

எண்ட்லிஹர் தாவரவியலாளர் மட்டுமன்று. சீன இலக்கணம் பற்றி நூல் எழுதிய மொழியறிஞரும்கூட. செரோக்கி மொழிக்கு எண்பதுக்கும் மேற்பட்ட குறிகள் கொண்ட அசையெழுத்து முறையை 1821இல் உருவாக்கி முடித்த செக்கோயா என்பவரை மனத்தில் கொண்டே அவர் இப்பெயரை இட்டார் என்பது பரவலான கருத்து. 'பின்தொடர்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது என்பாரும் உளர். எண்ட்லிஹர் தம் காரணத்தை எழுதிவைக்காததால் விவாதம் தொடர்கிறது. முதல் கருத்து சரியானால் அதில் ஒரு முரண் உண்டு. செக்கோயாவின் செரோக்கி மக்கள் 1838-39இல் தங்கள் நிலத்திலிருந்து மேற்கே விரட்டப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மடிந்த அப்பயணம் 'கண்ணீர்ப் பாதை' எனப்படுகிறது. அடுத்த பத்தாண்டுக்குள் அம்மக்களின் அறிஞர் பெயர், அவர் கண்டிராத மேற்குக்கரை மரமொன்றின்மேல் ஏறிற்று.

*

மரிபோசாத் தோப்பை 1857இல் 'கண்டுபிடித்தவர்' கேலன் கிளார்க் என்று வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன. நுரையீரல் நோயால் இன்னும் சில மாதங்களே வாழ்வு என்று மருத்துவர் கூறிய பிறகு, மலைக்காற்றை நாடி வந்தவர் கிளார்க். தோப்புக்குக் கீழேயுள்ள சமவெளியில் குடிசையமைத்துத் தங்கி, வந்தவர்களுக்கு மரங்களைக் காட்டினார். தோப்பு மரிபோசா மாவட்டத்தில் இருந்ததால் அதன் பெயரையே அவர் அதற்கு இட்டார். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குப் பட்டாம்பூச்சி என்று பொருள்.

ஆனால் அவர் குடியேறிய இடம் வெற்றிடமன்று. தெற்கு சியரா மிவோக் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த நிலம் அது. தங்கவேட்டைக் காலத்தில் குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்குமிடையே மோதல் முற்றியபோது, 1851 மார்ச்சில் 'மரிபோசாப் படை' என்னும் ஆயுதக்குழு யோசெமிட்டிப் பள்ளத்தாக்கினுள் புகுந்தது. ஊர்கள் எரிக்கப்பட்டன, குளிர்காலத்துக்கெனச் சேமித்த கருவாலிக்கொட்டைகளும் எரிக்கப்பட்டன. தலைவர் தெனாயாவும் அவருடைய மக்களும் விரட்டப்பட்டார்கள். கிளார்க் 'கண்டுபிடித்தது' இதற்கு ஆறாண்டுகளுக்குப் பிறகு.

யோசெமிட்டி என்ற பெயரே இந்நிகழ்வின் எச்சம். அங்கு வாழ்ந்தோர் தம் பள்ளத்தாக்கை அவானீ என்றே அழைத்தார்கள். படையுடன் வந்த லஃபாயெட் பன்னல், தாம் கேட்ட 'யோசெமிட்டி' என்ற சொல்லுக்கு வளர்ந்த கரடி என்று பொருள் கொண்டு அதையே பள்ளத்தாக்கின் பெயராக முன்மொழிந்தார். மிவோக் மொழியைப் பின்னர் ஆராய்ந்த மொழியியலாளர்கள், அச்சொல் 'அவர்கள் கொல்பவர்கள்' என்ற பொருளுடையது என்றும், அண்டைக் குழுவினர் பள்ளத்தாக்கினரைக் குறிக்க வழங்கியது என்றும் விளக்கினார்கள். ஒரு மக்களை விரட்டியவர்கள், அம்மக்களைப் பற்றிப் பிறர் சொன்ன சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு, அதையே அவர்கள் நிலத்தின் நினைவுப்பெயராக்கினார்கள்.

உள்நாட்டுப்போர் நடந்துகொண்டிருந்த 1864 ஜூன் 30 அன்று, ஆபிரகாம் லிங்கன் யோசெமிட்டி மானியச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பள்ளத்தாக்கும் மரிபோசாத் தோப்பும் பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் எக்காலத்தும் கைமாறாதபடி கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டன. நிர்வாகக் குழுவின் சார்பில் 1865இல் அறிக்கை எழுதியவர், நியூயார்க் மையப் பூங்காவை வடிவமைத்த ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட். அவ்வறிக்கையின் தொலைநோக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அன்று ஆண்டுக்குச் சில நூறு பேரே வந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் வருவோர் எண்ணிக்கை இலட்சங்களைக் கடக்கும் என்றும், ஒருவரால் நேரும் கண்ணுக்குப் புலப்படாத சிறு சேதம் அத்தனை பேரால் பெருகும்போது பேரழிவாகும் என்றும் அவர் எச்சரித்தார். அவருடைய சக உறுப்பினர்கள் சிலர் அறிக்கையைச் சட்டமன்றத்துக்குச் செல்லாமல் தடுத்தார்கள். 1952இல்தான் அது முழுமையாக வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் அவர் அஞ்சிய இலட்சங்கள் வந்துவிட்டிருந்தன.

*

இலட்சங்கள் வரச் சாலை வேண்டும். 1874-75 குளிர்காலத்தில், பனியிலும் குளிரிலும், சுமார் 300 சீனத் தொழிலாளர்கள் வவோனாவிலிருந்து யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்கு 23 மைல் நீளச் சாலையை நாலரை மாதங்களில் அமைத்தார்கள். கைக்கருவிகளும் வெடிமருந்துமே அவர்களுடைய துணை. 1882இல் சீனர்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சாலை நிலைத்தது, அதை அமைத்தவர்கள் நெடுங்காலம் பூங்காவின் வரலாற்றில் இடம்பெறவில்லை. 2021இல்தான் வவோனாவில் சீனத் தொழிலாளர் பயன்படுத்திய பழைய சலவைக்கூடம் அவர்களைப் பற்றிய காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டது.

குதிரைவண்டிகள் வந்தபின் தோப்புக்குள்ளும் வண்டிப்பாதைகள் போடப்பட்டன. 1881இல் வண்டி நிறுவனமொன்று 75 டாலர் கொடுத்து 'வவோனா மரம்' என்னும் பெருமரத்தின் அடியைக் குடைந்து பாதை வெட்டச்செய்தது. 1895இல் 'கலிபோர்னியா மரம்' அதேபோல் குடையப்பட்டது. இவை இரண்டும் சட்டப் பாதுகாப்பு வந்து பல ஆண்டுகள் கழிந்தபின் நடந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். மரத்தை வெட்டி விற்பதைச் சட்டம் தடுத்தது. மரத்தைத் துளைத்துக் காட்டுவது சட்டம் அனுமதித்த 'பொழுதுபோக்கு' எனக் கருதப்பட்டது. வண்டியோடு மரத்துக்குள் நின்று எடுத்த ஒளிப்படங்கள் உலகெங்கும் அஞ்சலட்டைகளாகச் சென்றன. 1913இல் மகிழுந்துகள் யோசெமிட்டிக்குள் அனுமதிக்கப்பட்டபின் அதே பொந்து வழியே அவை சென்றன. 2,000 ஆண்டுகளுக்கு மேல் நின்ற வவோனா மரம் 1968-69 குளிர்காலத்தில் பனிச்சுமை தாங்காமல் சாய்ந்தது.

இதே காலத்தில் வேறுவகைப் பாதையொன்றும் தோன்றியது. பூங்காவின் காவல் அப்போது இராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. 1899, 1903, 1904 ஆகிய ஆண்டுகளில் காவலுக்கு வந்தவர்கள் கறுப்பினப் படைவீரர்கள். நாட்டின் பல பகுதிகளில் நிறவெறிச் சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1904இல் அவ்வீரர்கள் வவோனாவில் ஒரு மரத்தோட்டத்தை வகுத்து, அதில் நடைபாதை அமைத்து, தாவரங்களுக்குப் பெயர்ப்பலகை வைத்தார்கள். நின்று படித்து அறிந்துகொள்வதற்காக ஒரு தேசியப் பூங்காவில் அமைந்த முதல் நடைபாதைகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. 1903 மே மாதத்தில் குடியரசுத்தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜான் மியூரும் மரிபோசாத் தோப்பில் திறந்தவெளியில் தங்கிய இரவு எல்லாப் பூங்கா வரலாறுகளிலும் இருக்கிறது. 1906இல் தோப்பும் பள்ளத்தாக்கும் நடுவண் அரசிடம் திரும்ப அதுவும் ஒரு தூண்டுதல். பெயர்ப்பலகை வைத்த வீரர்கள் அந்த அளவுக்கு நினைக்கப்படவில்லை.

*

செக்கோயாவின் வடிவம் ஒரு கற்பனையைத் தூண்டுகிறது. 200 அடிக்கு மேல் உயர்ந்து, ஏறத்தாழ 3,000 ஆண்டு வயதுடையதாக மதிப்பிடப்படும் 'கிரிஸ்லி ஜயன்ட்' மரத்தின் முன் நிற்பவருக்கு, அதன் வேர் பாதாளம்வரை சென்றிருக்கும் என்றே தோன்றும். உண்மையில் முதிர்ந்த மரத்துக்கு ஆணிவேர் இல்லை. வேர்கள் மண்ணில் சில அடி ஆழத்திலேயே, நூறு அடிக்கும் மேல் பக்கவாட்டில் பரவுகின்றன. மரத்தைப் பார்க்க அதன் அருகே நிற்பவர் அதன் வேரின்மேல் நிற்கிறார். 1926இலேயே தாவர நோயியலாளர் எமிலியோ மைனெக்கே, பார்வையாளர்களின் கால்மிதியால் பெருமரங்களைச் சுற்றியுள்ள மண் இறுகுவதையும் செடிகொடிகள் அழிவதையும் சுட்டிக்காட்டினார். அன்புடன் தொட வரும் கூட்டமும் ஓர் ஆபத்து என்ற எண்ணம் பூங்கா நிர்வாகத்துக்குப் புதிது.

மரிபோசாத் தோப்பையே களமாகக் கொண்ட ஒரு முனைவர் பட்ட ஆய்வு இவ்வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்று. 1962இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹார்டெஸ்வெல்ட் அளித்த அவ்வாய்வேடு, மனிதரால் பெருமரங்களுக்கும் அவற்றின் சூழலுக்கும் நேர்ந்தவற்றை ஆராய்ந்தது. சாலை, கால்மிதி ஆகியவற்றுடன் அவர் எழுப்பிய பெரிய கேள்வி தீயைப் பற்றியது. பல பத்தாண்டுகளாகப் பூங்காவில் ஒவ்வொரு காட்டுத்தீயும் அணைக்கப்பட்டு வந்தது. அதுவே பாதுகாப்பின் முதற்கடமை என எண்ணினார்கள். அதன் விளைவாகத் தோப்பின் தரையில் சருகும் சுள்ளியும் குவிந்தன. நிழலில் வளரும் வெள்ளை ஃபிர் மரங்கள் அடர்ந்தன. புதிய செக்கோயாக் கன்றுகள் ஏறக்குறைய முளைக்கவேயில்லை.

செக்கோயாவின் உடலமைப்பே தீக்கு ஏற்றது. இரண்டடி தடிமன்வரை இருக்கும் அதன் நார்ப்பட்டையில் தீ எளிதில் ஏறுவதில்லை. கோழிமுட்டையளவுள்ள அதன் பசுங்கூம்புகள் பல ஆண்டுகள் மூடியபடியே கிளையில் தங்கும். கீழே எரியும் தீயின் வெப்பம் மேலே ஏறி அவற்றை உலர்த்தும்போது கூம்பு விரிந்து, உமி போன்ற விதைகள் உதிரும். தீ சருகை எரித்து வெற்று மண்ணை வெளிப்படுத்தியிருக்கும், அடர்நிழலையும் விலக்கியிருக்கும். விதைக்கு வேண்டியவை அவ்விரண்டுமே. தீயே இல்லாத காட்டில் பழைய மரங்கள் நிற்கும். அவற்றின் வழித்தோன்றல் வராது. குவிந்த எரிபொருளில் என்றேனும் தீப்பற்றினால் அது உச்சிவரை ஏறிப் பழைய மரங்களையும் கொல்லும். பெருமரங்களுக்கு மிகப்பெரிய ஆபத்து இதுவே என ஹார்டெஸ்வெல்ட் எச்சரித்தார். 1971இல் மரிபோசாத் தோப்பில் திட்டமிட்ட எரிப்புத் தொடங்கியது.

இதை அறிவியலின் புதிய கண்டுபிடிப்பு என்று மட்டும் எழுதினால் பாதி வரலாறு விடுபடும். மிவோக் மக்கள் கருவாலி மரங்கள் காய்க்கவும், கூடை முடையும் தளிர்கள் நேராக வளரவும், வேட்டைநிலம் திறந்திருக்கவும் பருவந்தோறும் சிறுதீ வைத்து வந்தார்கள். தோப்பின் காவலராகப் பல்லாண்டு பணியாற்றிய கேலன் கிளார்க் தம் முதுமையில், 1894இல், பள்ளத்தாக்கின் புல்வெளிகள் தாம் முதன்முதல் கண்ட பரப்பில் கால்பங்காகச் சுருங்கிவிட்டதாகவும், பூர்வகுடிகள் ஆண்டுதோறும் வைத்த தீ நின்றதே காரணம் எனவும் எழுதினார். ஆனால் கலிபோர்னியா 1850இலேயே ஒரு சட்டம் இயற்றியிருந்தது. புல்வெளிக்குத் தீ வைப்பதை அது தண்டனைக்குரியதாக்கியது; பூர்வகுடிகளைக் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தவும் வழிவகுத்தது. அச்சட்டத்தின் தலைப்பு, 'இந்தியர்களின் ஆட்சிக்கும் பாதுகாப்புக்குமான சட்டம்'. மரங்களுக்கு முன்பே மனிதர்கள்மேல் 'பாதுகாப்பு' என்ற சொல் பயன்படுத்தப்பட்டுவிட்டது. தீ வைத்த கைகளும் தீயும் ஒரே காலத்தில் அந்நிலத்திலிருந்து அகற்றப்பட்டன. அவற்றுள் தீயை மட்டும் திரும்ப அழைக்க 120 ஆண்டுகள் தேவைப்பட்டன.

*

1864 என்ற ஆண்டு இந்திய வாசகர்களுக்கும் நெருக்கமானது. அதே ஆண்டில்தான் டீட்ரிக் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் தலைமை வனக் கண்காணிப்பாளரானார். 1878இன் வனச்சட்டம் 'ஒதுக்கப்பட்ட காடு' என்ற வகையை இறுக்கி, காட்டில் வாழ்ந்தவர்களின் உரிமைகளைச் சுருக்கியது. இங்கு நோக்கம் தேக்கும் இரயில்பாதைக் கட்டைகளும். அங்கு நோக்கம் காட்சியும் ஓய்வும். ஆயினும் மனிதரற்ற நிலமே காக்கப்பட்ட நிலம் என்ற முன்முடிவில் இரண்டும் சந்திக்கின்றன. அமெரிக்க வனாந்தரக் கருத்தை மூன்றாம் உலகில் அப்படியே நடுவது ஏழைகளைப் பாதிக்கும் என 1989இல் ராமச்சந்திர குஹா எழுதிய கட்டுரை இந்த இணைப்பை விவாதத்துக்குக் கொண்டுவந்தது. 2006இன் வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே, காடுறை மக்களுக்கு இழைக்கப்பட்டது 'வரலாற்று அநீதி' என ஒப்புக்கொள்கிறது.

மரிபோசாவின் அண்மைக்கால நிகழ்வுகள் பழைய கேள்வியைக் கூர்மையாக்கியுள்ளன. 2020இல் தெற்கு சியராவில் எரிந்த ஒரே காட்டுத்தீ, உலகிலுள்ள பெரிய செக்கோயா மரங்களில் பத்திலொரு பங்கு அல்லது அதற்கும் மேல் கொன்றதாக மதிப்பிடப்படுகிறது. 2021 ஜனவரியில் வீசிய புயற்காற்று மரிபோசாவில் 15 பெருமரங்களைச் சாய்த்தது. 2022 ஜூலை 7 அன்று தோப்பின் விளிம்பில், நடைபாதையொன்றின் அருகே தீ மூண்டது. கிரிஸ்லி ஜயன்டைச் சுற்றி நீர்த்தெளிப்பான்கள் வைத்து அடிமரத்தை ஈரமாக்கினார்கள். முன்பே பலமுறை திட்டமிட்டு எரிக்கப்பட்ட பகுதிகளை அடைந்ததும் தீ தணிந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய எரிப்பு அன்று தோப்பைக் காத்தது.

இன்று தோப்புக்குள் செல்பவர் பலகைப்பாதையில் ஏறி, அடியில் நீர் கசிந்து ஓடுவதைக் கேட்டபடி நடக்கலாம். அரை கிலோமீட்டருக்கும் குறைவான சிறு சுற்று முதல், மேல்தோப்புவரை செல்லும் 10 கிலோமீட்டர் சுற்றுவரை தடங்கள் உண்டு. கிரிஸ்லி ஜயன்டைத் தாண்டிச் சிறிது தொலைவில் தடம் 1895இல் குடைந்த கலிபோர்னியா மரத்தின் உள்ளே நுழைந்து வெளியேறுகிறது. அம்மரம் இன்றும் உயிரோடு நிற்கிறது. வெட்டுண்ட இருபுறமும் விளிம்பிலிருந்து புதிய பட்டை மெல்ல உள்நோக்கி வளர்ந்து வருகிறது; காயம் முழுதும் மூடவில்லை. நடப்பவர்கள் இருபக்கச் சுவரையும் கையால் தடவியபடி அதன் வழியே கடந்து செல்கிறார்கள்.